ஆழம் வேறு, உரப்பு வேறு: புல்லட் சைலன்சர்கள் பற்றி ஒரு திறனாய்வு

இசைக் கச்சேரிக்கும் நாடகத்துக்கும் திறனாய்வு எழுதும் வழக்கம் நம்மிடையே உண்டு. மோட்டார் சைக்கிளின் சைலன்சருக்கும் திறனாய்வு வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். ஒரு பொருளை அதன் ஒலிக்காகவே மக்கள் ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்குகிறார்கள் என்றால், அந்த ஒலியை ஆராய்வதும் தேவையாகிறது. வாங்குபவர் நாடுவது எது, அவருக்குக் கிடைப்பது எது, இரண்டும் ஒன்றுதானா என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

காஞ்சிபுரத்துக்கு இக்கேள்வியைக் கேட்கத் தனி உரிமை உண்டு. 'புல்லட்' என்று நாம் அழைக்கும் ராயல் என்ஃபீல்டு வண்டி பிறப்பது நம் மாவட்டத்திலேதான். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் தோன்றிய இவ்வண்டியை இந்தியாவில் செய்வதற்காக, 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் ஆங்கில நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை அமைந்தது. பின்னாளில் தாய் நிறுவனம் இங்கிலாந்தில் மறைந்தது. சேய் இங்கே வாழ்ந்தது. 2013இல் ஒரகடத்திலும், 2017இல் வல்லம் வடகாலிலும் புதிய ஆலைகள் எழுந்தன. இவ்விரு ஊர்களும் காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. அங்கே பொறியாளர்கள் கணக்கிட்டுப் பொருத்தி அனுப்பும் சைலன்சரை, வாங்கிய சில நாள்களிலேயே கழற்றிப் பரணில் போட்டுவிட்டு வேறொன்றை மாட்டுவோர் பலர். காரணம் கேட்டால், "கம்பெனி சைலன்சரில் அந்த டுப் டுப் இல்லை சார்" என்பதே மாணவர்கள் தரும் விடை.

அந்த 'டுப் டுப்' எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்ப்போம்.

தாளம் பொறியினுடையது

புல்லட்டின் பொறி ஒரே சிலிண்டர் கொண்ட நான்கு வீச்சுப் பொறி. கிராங்க் இரண்டு முறை சுற்றினால் ஒரு முறை எரிபொருள் வெடிக்கும். அதன்பின் வெளியேற்று வால்வு திறக்கும்போது, சிலிண்டருக்குள் வளிமண்டல அழுத்தத்தைப் போலச் சில மடங்கு அழுத்தத்தில் அடைபட்டிருந்த சூடான வாயு குழாய்க்குள் பாய்கிறது. இந்த அழுத்தத் துடிப்பே நாம் கேட்கும் ஒலிக்கு மூலம்.

கணக்கு மிக எளிது. நிமிடத்துக்கு 1,000 சுற்று என்றால், நிமிடத்துக்கு 500 வெடிப்பு. அதாவது வினாடிக்கு 8 துடிப்புக்குச் சற்று மேல். நம் செவி வினாடிக்கு ஏறத்தாழ 20க்குக் குறைவான துடிப்புகளைத் தனித்தனி அடிகளாகவே உணரும். அதற்கு மேற்பட்டால் அவை ஒன்றிக் கலந்து ஒரே ஒலியாகிவிடும். புல்லட் வினாடிக்கு 20 துடிப்பை எட்டுவது 2,400 சுற்றில். ஆகவே சிக்னலில் நிற்கும்போது தனித்தனி அடியாகக் கேட்பது, வண்டி வேகம் பிடித்ததும் உறுமலாக மாறுவதில் வியப்பில்லை. இந்த மாற்றம் நிகழும் இடம் செவியும் பொறியும் சேர்ந்து முடிவு செய்வது. சைலன்சருக்கு இதில் பங்கு இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்க நம் தெருக்களில் இன்னும் ஓடும் யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டியை எடுத்துக்கொள்வோம். 1985 முதல் 1996 வரை இந்தியாவில் உற்பத்தியான அது இரண்டு வீச்சுப் பொறி கொண்டது. ஒவ்வொரு சுற்றிலும் வெடிப்பு நிகழும். 6,000 சுற்றில் அதன் துடிப்பு வினாடிக்கு 100. புல்லட்டுக்கு அதே சுற்றில் 50 மட்டுமே. ஒன்று கீச்சென்று பாடுவதும் மற்றது அடித்தொண்டையில் பேசுவதும் அடிப்படையில் இந்த எண்களின் வேறுபாடே.

ஹார்லி டேவிட்சன் கதையும் இதையே காட்டுகிறது. அதன் இரண்டு சிலிண்டர்கள் 45 பாகைக் கோணத்தில் நின்று, கிராங்கின் ஒரே முளையைத் தள்ளுகின்றன. அதனால் இரு வெடிப்புகளுக்கு இடையே ஒருமுறை 315 பாகையும் மறுமுறை 405 பாகையும் இடைவெளி விழுகிறது. அந்த நொண்டித் தாளமே அதன் அடையாளம். தன் வண்டியின் ஒலியை வணிகக் குறியாகப் பதிவு செய்ய அந்நிறுவனம் 1994இல் அமெரிக்காவில் விண்ணப்பித்தது. போட்டி நிறுவனங்களின் எதிர்ப்புக்குப் பின் 2000இல் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது. அந்தத் தாளமும் பொறியின் அமைப்பிலிருந்து பிறந்ததே தவிர, கடையில் விற்கும் குழாயிலிருந்து அன்று.

நாகசுரமும் சைலன்சரும்

"குழாயை மாற்றினால் ஒலி மாறத்தானே செய்கிறது?" என்று வாசகர் கேட்பார். மாறுகிறது. எவ்வகையில் மாறுகிறது என்பதே கேள்வி. கோயில் நகரத்தில் இருக்கும் நமக்கு இதை விளக்க நாகசுரத்தைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை.

நாகசுரத்தில் சீவாளி, உலவு, அணசு என்று மூன்று பகுதிகள். சீவாளி அதிர்ந்து ஒலியைப் பிறப்பிக்கிறது. உலவு அதை வளர்க்கிறது. விரிந்த அணசு வெளிக்காற்றுக்கு வழங்குகிறது. பொறியின் வால்வைச் சீவாளி என்றும், குழாயை உலவு என்றும், கடைசியில் உள்ள சைலன்சரை அணசு என்றும் கொள்ளலாம் போலத் தோன்றும். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. நாகசுரத்தில் உலவுக்குள் உள்ள காற்றுத் தம்பம் தன் அதிர்வைத் திருப்பி அனுப்பிச் சீவாளியையே ஆட்டி வைக்கிறது. அதனால்தான் ஒரு துளையைத் திறந்தால் சுரம் மாறுகிறது. மோட்டார் சைக்கிளிலோ வால்வைத் திறப்பதும் மூடுவதும் இரும்புக் கேம். குழாய் எவ்வளவு அதிர்ந்தாலும் கேம் அதற்குச் செவிசாய்க்காது.

ஆகவே புல்லட்டின் குழாய் தாளத்தை மாற்ற இயலாது. அதன் நிறத்தை மட்டுமே மாற்றும். பாடநூல் மொழியில் சொன்னால், துடிப்பின் வேகம் பொறியைச் சேர்ந்தது. உரப்பும் ஒலிப்பண்புமே சைலன்சரின் கையில் உள்ளவை. மாற்று சைலன்சர் எதையும் புதிதாகச் சேர்ப்பதில்லை. பொறி கொடுத்ததில் எதைத் தடுப்பது, எதை வெளியே விடுவது என்பதே அதன் வேலை. அது ஒரு வடிகட்டி, வாத்தியம் அன்று.

வடிகட்டி வேலை செய்யும் விதம்

திடீரென்று எழும் கூர்மையான துடிப்பில் பல அதிர்வெண்கள் கலந்திருக்கும். அடிப்படை அதிர்வெண் வினாடிக்கு எட்டு பத்து என்றாலும், அதன் மடங்குகள் ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ் வரை நீளும். துடிப்பின் விளிம்பு எவ்வளவு கூர்மையோ அவ்வளவு உயர் அதிர்வெண்கள் மிகுதி. இவற்றை அடக்க இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, அறைகள். சிறு குழாய் திடீரென்று பெரிய அறைக்குள் திறந்தால், ஒலி அலையின் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிவிடுகிறது. திரும்பிய அலையும் பின்வரும் அலையும் குறுக்கிட்டு ஒன்றையொன்று குறைக்கின்றன. ஓர் எடுத்துக்காட்டு: 3.5 செ.மீ. விட்டமுள்ள குழாய், 10 செ.மீ. விட்டமும் 40 செ.மீ. நீளமும் உள்ள அறைக்குள் திறக்கிறது என்போம். பரப்பு விகிதம் ஏறத்தாழ 8. இந்த ஓர் அறை மிக அதிகமாகக் குறைக்கக்கூடியது சுமார் 12 டெசிபெல். சூடான வாயுவில் ஒலி வினாடிக்கு 500 மீட்டர் அளவில் செல்லும் என்று கொண்டால், இந்த உச்சக் குறைப்பு 310 ஹெர்ட்ஸை ஒட்டி நிகழும். ஆனால் 625 ஹெர்ட்ஸில் அதே அறை எதையும் தடுக்காது; ஒலி தங்குதடையின்றி வெளியேறும்! அதனால்தான் ஆலையில் செய்யும் சைலன்சரில் வெவ்வேறு நீளமுள்ள பல அறைகளை அமைக்கிறார்கள். ஓர் அறை விட்டதை மற்றொன்று பிடித்துக்கொள்ளும்.

இரண்டாம் வழி, நார். துளைகள் இட்ட குழாயைச் சுற்றிக் கண்ணாடி நாரை அடைத்து வெளியே உறை போடுவார்கள். காற்றுத் துகள்கள் நாரிழைகளிடையே உராய, ஒலி ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. இம்முறை உயர் அதிர்வெண்களை நன்றாக உறிஞ்சும். தாழ்ந்தவற்றை அவ்வளவாகத் தொடாது.

இப்போது செவியின் இயல்பைச் சேர்த்துப் பார்ப்போம். நம் செவி எல்லா அதிர்வெண்களையும் ஒரே கண்கொண்டு பார்ப்பதில்லை. 50 ஹெர்ட்ஸ் ஒலி நம் காதில் விழ வேண்டுமானால், 1,000 ஹெர்ட்ஸ் ஒலியைவிட அது ஏறத்தாழ 40 டெசிபெல் கூடுதலாக இருக்க வேண்டும். 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில்தான் செவி மிகக் கூர்மையானது. குழந்தையின் அழுகையும் தட்டில் கரண்டி கீறும் ஓசையும் நம்மைச் சட்டென்று திருப்புவது இதனால்தான். எனவே சைலன்சரிலிருந்து இந்த உயர் பகுதி சிறிதளவு கசிந்தாலும் கவனம் அங்கே போய்விடும்; ஆழம் பின்னுக்குத் தள்ளப்படும்.

இதிலிருந்து ஒரு முடிவு கிடைக்கிறது. ஆழமான ஒலி வேண்டுவோர் உயர் அதிர்வெண்களை நன்றாக அடக்க வேண்டும். வடிகட்டியையே பிடுங்கி எறிவது அதற்கு நேர் எதிரான செயல். கடையில் 'ஆழம்' கேட்டவர்க்குப் பெரும்பாலும் கிடைப்பது உரப்பே. இரண்டும் ஒன்றென்று எண்ணுவதே இந்த வாணிகத்தின் அடித்தளம்.

சந்தைச் சரக்கு

புல்லட்டுக்கான மாற்று சைலன்சர்களுக்குச் சந்தையில் வழங்கும் பெயர்களே ஒரு தனி அகராதி: ஷார்ட் பாட்டில், லாங் பாட்டில், கோல்ட்ஸ்டார், மெகாஃபோன், டால்பின், இந்தோரி, பஞ்சாப், வைல்ட் போர். பெயர்கள் பல, இயற்பியல் நோக்கில் வகைகள் மூன்றே.

ஒன்று, நார் அடைத்த பாட்டில் வகை. புதிதாக இருக்கும்போது இது குறை சொல்ல இடமில்லாத ஒலியைத் தருவதுண்டு. கரகரப்பை நார் விழுங்கிவிடும்; கனத்த அடி எஞ்சும். குறை என்னவெனில் நார் நிலைத்திருப்பதில்லை. சூடும் எண்ணெய்ப் பிசுக்கும் வாயுவின் வேகமும் சேர்ந்து அதைச் சிதைக்கின்றன. நார் சிறிது சிறிதாகக் காற்றோடு போய்விடுகிறது. இன்று கேட்டு வாங்கிய ஒலி சில பருவம் கழித்து இருக்காது. மலிவான சரக்கில் நாரின் அளவும் குறைவு. நாரை மாற்றிக்கொள்ள வசதி உள்ளதா என்று கேட்டு வாங்குவோர் மிகச் சிலர்.

இரண்டு, விரிகூம்பு வகை. பிரிட்டனின் பி.எஸ்.ஏ. கோல்ட் ஸ்டார் பந்தய வண்டியின் பெருமையைப் பெயரில் சுமப்பதும், மெகாஃபோனும் இவ்வகையின. மெல்ல விரியும் கூம்பு, குழாய்க்குள் இருக்கும் ஒலியை வெளிக்காற்றுக்குத் திறம்பட மாற்றிவிடும். நாகசுரத்தின் அணசு செய்வதும் இதுவே. ஆயிரம் பேர் கூடிய வீதியுலாவில் கடைசி ஆளுக்கும் கேட்கவேண்டிய வாத்தியத்துக்கு அது தகும். ஒருவர் வேலைக்குப் போகும் வண்டிக்கு அது எதற்கு? கூம்பு உயர் அதிர்வெண்களை வெளியேற்றுவதில் மிகுந்த திறமை காட்டுவதால், இவ்வகையின் ஒலியில் ஆழத்தைவிட வெடிப்பே மேலோங்கும்.

மூன்று, உள்ளே ஒன்றும் இல்லாத வெறும் குழாய். வெளித்தோற்றம் எதுவாயினும், நேராக எட்டிப் பார்த்தால் மறுபுறம் தெரிந்தால் அது இவ்வகை. 'டிபி கில்லர்' என்று சொல்லும் சிறு அடைப்பைக் கொடுத்து, அதைக் கழற்றும் வழியையும் கடைக்காரரே சொல்லித் தருவார். ஒலி என்ற அளவிலேயே இது தோல்வி. தவிலின் அழகு அடியில் மட்டும் இல்லை. அடிக்கும் அடிக்கும் நடுவிலுள்ள அமைதியிலும் இருக்கிறது. புல்லட்டின் மெதுவான துடிப்பை நாம் விரும்புவதும் அந்த இடைவெளிக்காகவே. வெறும் குழாயில் வாயுவின் சீறலும் குழாயின் அதிர்வும் அந்த இடைவெளியை நிரப்பிவிடுகின்றன. எல்லாம் அடி, அமைதியே இல்லை.

இவற்றோடு 'வெடி விடுதல்' என்றொரு வித்தையும் உண்டு. ஓடும் வண்டியின் சாவியை ஒரு கணம் அணைத்து மீண்டும் போட்டால், எரியாத பெட்ரோல் கலவை சூடான குழாய்க்குள் வெடிக்கும். இது ஒலித் தேர்வு என்ற பேச்சுக்கே உரியதன்று. காசு கொடுத்து வாங்கிய பெட்ரோலைக் குழாயில் எரித்து, சைலன்சரின் உள்ளுறுப்புகளை உடைத்துக்கொள்ளும் செயல் அது.

நடுநிலை தவறாமல் மறுபக்கத்தையும் கூறுவோம். "புதிய வண்டியில் பழைய டுப் இல்லை" என்ற குறை முற்றிலும் பொய்யன்று. பழைய வார்ப்பிரும்புப் பொறி 70 மி.மீ. விட்டமும் 90 மி.மீ. வீச்சும் கொண்டது, அதை மிகக் குறைந்த சுற்றிலும் அணையாமல் ஓடவிடலாம். 2020இல் வந்த புதிய பொறியின் அளவுகள் 72 மி.மீ., 85.8 மி.மீ. புதியதில் எரிபொருளைக் கணினி பீய்ச்சுகிறது; நிற்கும்போது சுற்றும் வேகத்தையும் அதுவே காக்கிறது. பழையது 800 சுற்றில் நின்றால் வினாடிக்கு 6 அல்லது 7 அடி; புதியது 1,100 சுற்றில் நின்றால் 9 அடி. இந்த வேறுபாடு காதுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் இதுவும் பொறியின் வேறுபாடு. எந்தக் குழாயை மாட்டினாலும் ஒன்பது ஏழாகாது. பழைய வண்டிக்காரர் சிலர் சுற்றை இன்னும் குறைத்துத் தாளத்தைத் தளர்த்துவார்கள். அப்போது எண்ணெய் பம்பும் மெதுவாகச் சுற்றி, பொறியின் மேற்பகுதிக்கு எண்ணெய் போதாமற் போகும்.

கைப்பேசி காட்டும் மாயம்

இன்று சைலன்சரைத் தேர்வு செய்வோர் பெரும்பாலும் கைப்பேசியில் ஒளிப்படம் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். இதைவிடப் பிழையான முறை வேறில்லை. கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியால் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியை ஏறக்குறைய எழுப்பவே முடியாது. ஆழம் என்று எதைத் தேடுகிறோமோ அது அங்கே இல்லை. மேலும், பதிவு செய்யும் கருவி பேரொலியைத் தானே தாழ்த்தி, சிற்றொலியைத் தானே உயர்த்திவிடும். 80 டெசிபெல் வண்டியும் 100 டெசிபெல் வண்டியும் படத்தில் அண்ணன் தம்பி போல ஒலிக்கும்.

பட்டுப் புடவை வாங்க வரும் பெண்கள் கடை விளக்கில் பார்த்த நிறத்தை நம்புவதில்லை. புடவையைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தே முடிவு செய்வார்கள். அந்த அறிவு சைலன்சர் வாங்கும் அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கும் வேண்டும். கடை வாசலில் வண்டியை நிறுத்தி ஆக்சிலேட்டரை முறுக்கிக் கேட்பதும் போதாது. சுமையில்லாமல் சுற்றும் பொறியின் ஒலி வேறு; இருவரை ஏற்றிக்கொண்டு மேம்பாலம் ஏறும் பொறியின் ஒலி வேறு.

கேட்பவர் யார்?

திறனாய்வில் கேட்கவேண்டிய மிக முக்கியமான கேள்வி இது. கச்சேரிக்குப் போகிறவர் விரும்பிப் போகிறார். பிடிக்காவிட்டால் எழுந்து வந்துவிடலாம். சைலன்சரின் வாயோ பின்னோக்கி இருக்கிறது. ஓட்டுபவர் தலைக்கவசத்துக்குள் காற்றின் இரைச்சலோடு கலந்து கேட்பதைவிட, பின்னே நிற்பவர் கேட்பது தெளிவாகவும் முழுமையாகவும் இருக்கும். பணம் கொடுப்பவர் ஒருவர். ஒலியைப் பெறுபவர் மற்றொருவர்.

காஞ்சிபுரத்தில் அந்த மற்றவர் யார் என்று பார்ப்போம். பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் வீடே தொழிற்கூடம். தெருவை ஒட்டிய வீட்டுக்குள்ளேயே தறி இருக்கிறது. கோர்வைப் புடவையில் உடலும் கரையும் தனித்தனி ஊடையால் நெய்யப்படுவதால், ஒருவர் நெய்ய, பக்கத்தில் மற்றொருவர் கரைக்கான நாடாவைத் தருவார். மிதியும் நாடாவும் பலகையும் ஒரு தாளத்தில் ஓட, இருவர் கையும் மனமும் ஒன்றியிருக்க வேண்டிய வேலை. அத்தெருவில் பள்ளிப் பிள்ளை படிக்கிறது. இரவு வேலை முடிந்து ஒரகடத்திலிருந்து வந்த தொழிலாளி பகலில் உறங்குகிறார். இவர்களில் யாரும் நுழைவுச்சீட்டு வாங்கவில்லை.

தெருவின் அமைப்பும் இதைப் பெரிதாக்குகிறது. திறந்த வெளியில் தொலைவு இருமடங்கானால் ஒலி 6 டெசிபெல் குறையும். இருபுறமும் சுவர் நெருங்கிய தெருவில் ஒலி சுவருக்குச் சுவர் எதிரொலித்துச் செல்வதால் அவ்வளவு குறையாது. டெசிபெல் கணக்கையும் மனத்தில் கொள்ள வேண்டும். 10 டெசிபெல் கூடினால் ஒலிச்செறிவு பத்து மடங்கு; 20 டெசிபெல் கூடினால் நூறு மடங்கு. வெறும் குழாயால் ஒரு வண்டி 20 டெசிபெல் கூடுதலாக ஒலித்தால், சட்டத்துக்கு உட்பட்ட நூறு புல்லட்டுகள் ஒரே நேரத்தில் அத்தெருவில் போனதற்குச் சமம்.

ஆழமான ஒலிக்கும் எல்லை உண்டு என்பதை மறைக்கலாகாது. தாழ்ந்த அதிர்வெண் சுவரையும் கதவையும் எளிதில் கடக்கும். ஆகவே நல்ல பண்புள்ள ஒலியாயினும் அளவு மீறினால் தொல்லையே.

சட்டம் என்ன சொல்கிறது? 175 சி.சி.க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள் வேகமெடுத்துக் கடக்கும்போது 7.5 மீட்டர் தொலைவில் 80 டெசிபெல்லுக்கு மேல் ஒலிக்கலாகாது என்பது தயாரிப்பாளர்களுக்கு விதிக்கப்பட்ட வரம்பு. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, ஒவ்வொரு வண்டிக்கும் ஒலியைக் குறைக்கும் சைலன்சர் இருக்க வேண்டும் என்கின்றன. ஒலி மாசு விதிகள் 2000, குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல்லும் இரவில் 45 டெசிபெல்லும் சராசரி அளவாக வகுத்துள்ளன. பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதிப் பகுதி. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒலி வரம்பை மீறி ஓட்டினால் முதல் முறையே பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதத்துக்குப் பறிபோகும்.

இரண்டு வாதங்கள்

சத்தமான வண்டியே பாதுகாப்பானது, மற்றவர்கள் விலகி வழிவிடுவார்கள் என்பது ஒரு வாதம். விபத்தில் நம்மை அச்சுறுத்தும் வண்டி பெரும்பாலும் முன்னால் இருக்கிறது. சைலன்சரோ பின்னால் பேசுகிறது. கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகும் காரோட்டிக்கு அது கேட்கும்போது வண்டி அருகில் வந்துவிட்டிருக்கும். முன்னோக்கிப் பேசுவதற்கென்றே ஹாரன் இருக்கிறது. காட்சிக்கு விளக்கு இருக்கிறது.

தடையில்லாத குழாயால் திறன் கூடும் என்பது மற்றொரு வாதம். பந்தய வண்டியில் குழாயின் நீளத்தையும் எரிபொருள் அளவையும் சேர்த்துத் திருத்தும்போது இது உண்மையாகலாம். சுமார் 20 குதிரைத்திறன் கொண்ட சாலை வண்டியில் குழாயை மட்டும் மாற்றினால், ஆலையில் பொருத்தி வைத்த இணக்கம் குலைவதே நடக்கும். மேலும் 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிகளுக்கு ஏற்ற வண்டிகளில் நச்சு வாயுக்களை மாற்றும் வினையூக்கி வெளியேற்றுக் குழாயிலேயே உள்ளது. அதையும் சேர்த்துக் கழற்றினால் தெருவுக்கு இரைச்சலோடு புகையும் பரிசாகக் கிடைக்கும்.

ஓட்டுபவர் காதும் தெருவின் காதைப் போன்றதே. 85 டெசிபெல்லில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்பது செவி காக்கும் வரம்பாகக் கொள்ளப்படுகிறது. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லில் அது 15 நிமிடம்தான். ஒரு நாளில் பத்து சைலன்சர்களை மாட்டி முறுக்கிக் காட்டும் பட்டறைப் பையனின் செவியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை.

தேர்வுக்கு ஒரு முறை

மாற்று சைலன்சரே கூடாது என்று நான் கூறவில்லை. துருப்பிடித்ததை மாற்றத்தான் வேண்டும். ஒலியில் சுவை பார்ப்பதும் குற்றமன்று. தேர்வு செய்யும்போது சிலவற்றைக் கவனிக்கலாம். தயாரிப்பாளரே அந்த வண்டிக்கென்று, ஒலி வரம்புக்கு உட்பட்டு விற்கும் மாற்று சைலன்சர் இருந்தால் முதலில் அதைக் கேளுங்கள். உள்ளே அறைகளோ நாரோ உண்டா, நாரை மாற்ற முடியுமா என்று பாருங்கள். எட்டிப் பார்த்தால் மறுபுறம் தெரியும் குழாயை விலக்குங்கள். வண்டியில் உட்கார்ந்து கேளாதீர்கள். வேறொருவரை ஓட்டச் சொல்லி, பதினைந்து அடி பின்னால் நின்று ஒரு முறையும், ஒரு வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு முறையும் கேளுங்கள்.

மாணவர்கள் ஒரு சோதனையும் செய்யலாம். ஜெர்மனியின் ஆக்கன் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'ஃபைபாக்ஸ்' என்ற செயலி கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கிறது. திறந்த மைதானத்தில் புல்லட்டை நிறுத்தி ஓடவிட்டு, செயலியில் ஒலியின் வரைபடத்தைப் பார்த்து வினாடிக்கு எத்தனை துடிப்பு என்று எண்ணுங்கள். அதை 120ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கான சுற்று கிடைக்கும். இனி அதே வண்டியில் வேறு சைலன்சரை மாட்டி, சுற்று மாறாமல் வைத்து மீண்டும் எண்ணுங்கள். எண்ணிக்கை மாறாது. பிறகு இரண்டின் ஒலி நிறமாலையையும் ஒப்பிடுங்கள். 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலே எது எவ்வளவு கூடியது என்பது வரைபடத்திலேயே தெரியும். மூடிய கொட்டகைக்குள் இச்சோதனையைச் செய்யாதீர்கள். கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் கொல்லும் வாயு.

இச்சோதனையைச் செய்த பிறகு, பரணில் கிடக்கும் ஆலைச் சைலன்சரைக் கீழே இறக்கி ஒரு முறை குலுக்கிப் பாருங்கள். அதன் கனம் கையில் தெரியும். அந்தக் கனம் அறைகளும் தடுப்புகளும் குழாய்களும் சேர்ந்தது. உங்கள் தெருவில் இருப்பவர்களுக்காக நம் மாவட்டத்துத் தொழிலாளர்கள் அதற்குள் வைத்துப் பற்றவைத்தவை அவை.